டீச்சருக்கு ஒரு ரிலீவர்

சகாயமேரி உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. என் தையல் கடைக்கு வந்தால் ஸ்டூலை இழுத்துப் போடுவேன். அதன் மேல் பையை வைத்துவிட்டு, நின்றபடியே ஊர்க்கதை முழுக்கப் பேசுவாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலும் அப்படித்தானாம். பெஞ்சு காலியாகக் கிடந்தாலும் கடைசியில் சுவரோரம் நிற்பாள். கேட்டால், "யாராச்சும் கைக்கொழந்தையோட வந்தா எடம் வோணும்ல பாத்திமா" என்பாள். கைக்குழந்தைக்காரிகள் எல்லாரும் வந்து உட்கார்ந்த பிறகும் இவள் நின்றுகொண்டுதான் இருப்பாள் என்று அவள் வீட்டுக்காரர் லாசர் சொல்வார். அவர் கம்பெனி பஸ் ஓட்டுகிறவர். "நீ உக்காந்துகினே சம்பாரிக்கிற ஆளு, உனுக்கு இன்னா தெரியும்" என்று அவர் வாயை அடைத்துவிடுவாள்.

வேலை அவளை அப்படி ஆக்கிவிட்டது. ஒரகடத்தில் கார்களுக்கு ஒயர் கட்டுகிற ஒரு கம்பெனியில் அவள் ரிலீவர். அங்கே லைனில் நிற்கிற பெண் நினைத்த நேரத்தில் தண்ணீர் குடிக்கவோ பாத்ரூம் போகவோ முடியாது. பெல்ட் ஓடிக்கொண்டே இருக்கும். கையைத் தூக்கினால் மேரி வந்து அந்த இடத்தில் நின்றுகொள்வாள். போனவள் திரும்பி வந்ததும் அடுத்த கை தூக்கும் இடத்துக்கு ஓடுவாள். லைனில் எல்லார் வேலையும் அவளுக்குத் தெரியும். அவளுக்கென்று ஓர் இடம்தான் கிடையாது. "எல்லாருக்கும் நான் ரிலீவரு. எனுக்கு எவளும் கெடையாது" என்று சொல்லிச் சிரிப்பாள். எனக்குச் சிரிப்பு வராது. எனக்குப் பொதுவாகவே சிரிப்பு கொஞ்சம் குறைவு என்பாள் அவள்.

மண்ணூர் பக்கம், மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் தெரு. தெருக்கோடியில் பள்ளிக்கூடம். ஐந்து வகுப்புக்கும் சேர்த்து ஹெட்மாஸ்டர் கண்ணப்பன் சாரும் பெனிஷா டீச்சரும்தான். சார் பாதி நாள் மீட்டிங் மீட்டிங் என்று அலைவார். அன்றைக்கெல்லாம் அத்தனை பிள்ளைகளும் டீச்சர் தலையில்தான். டீச்சருக்கு மார்த்தாண்டம் பக்கம். குன்றத்தூரில் அறை எடுத்துத் தங்கி, பஸ் மாறி மாறி வருவாள். சின்ன வயதுதான். சேலை கட்டினால்தான் டீச்சர் என்று தெரியும்.

அந்த டீச்சர் மேல் மேரிக்கு ஏன் அவ்வளவு பாசம் என்று கேட்டால், ஒரு சாயங்காலத்தைச் சொல்ல வேண்டும். அன்று கம்பெனியில் திடீரென்று ஓ.டி. போட்டுவிட்டார்கள். செல்போனை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் லைனுக்குள் போக முடியும். யாருக்கும் சொல்ல வழியில்லை. ரிலீவருக்கு ரிலீவர் இல்லாததால் வெளியே வரவும் வழியில்லை. லாசரின் பஸ் ஒரகடம் ஜங்ஷன் நெரிசலில் மாட்டிக்கொண்டது. நானோ அன்று பார்த்து ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். இருட்டியபின் மேரி தலைதெறிக்க ஓடி வந்தபோது, மூன்றாம் வகுப்புப் படிக்கிற அவள் மகன் ஜெனிஸ் பள்ளிக்கூடப் படியில் உட்கார்ந்து டீச்சரோடு விடுகதை போட்டுக்கொண்டிருந்தான். டீச்சருடைய பஸ் எப்போதோ போயிருந்தது.

"பிள்ளைய தனியா விட்டுட்டு எப்படி போவேன், ஜெனிஸ் அம்மா?" என்று மட்டும் சொல்லிவிட்டு டீச்சர் கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாளாம். அதற்குப் பிறகும் இப்படிப் பல தடவை நடந்தது. ஒரு தடவைகூட முகம் சுளிக்கவில்லை. "பெத்தவ நானு. எனுக்குப் பதிலா நிக்கறது அந்தப் பொண்ணு" என்று மேரி என் கடையில் வந்து கண்ணைத் துடைத்துக்கொள்வாள்.

அதனால்தான் ஆசிரியர் தினம் வந்தபோது அவள் ஆடிய ஆட்டம். வருகிற கோடையில் டீச்சருக்குச் சொந்த ஊர்ப் பக்கம் மாறுதல் கிடைத்துவிடும் என்று சார் மூலமாகத் தெரிந்திருந்தது. இந்தப் பள்ளிக்கூடத்தில் டீச்சருக்கு இதுதான் கடைசி ஆசிரியர் தினம். "போறதுக்குள்ள அந்தப் பொண்ணு மனசு குளுந்து போற மாதிரி ஒண்ணு செய்யணும். இல்லாங்காட்டி எனுக்கு ஆவாது" என்று ஒற்றைக்காலில் நின்றாள். உட்காருவதில்லை என்றுதான் முதலிலேயே சொன்னேனே.

அம்மாக்கள் எல்லாரும் என் கடை வாசலில் கூடினோம். நான் சேலை என்றேன். சேலை எடுத்தால் பிளவுஸ் என்னிடம்தான் வரும் என்று முன்வரிசையிலேயே ஒருத்தி முணுமுணுத்தாள். அதில் தப்பென்ன இருக்கிறது என்று நானும் கேட்டேன். இன்னொருத்தி சுவர்க் கடிகாரம் என்றாள். ஏற்கெனவே கொடுத்த கடிகாரங்களை டீச்சர் எந்தச் சுவரில் மாட்டுவாள் என்று மேரி கேட்டதும் அடங்கினாள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து இங்கே வாடகைக்கு இருக்கிற சுகப்பிரியா, "ஏக்கா, தீவாளிக்கு கம்பெனில குடுத்த ஹாட்பாக்கு பிரிக்காம அப்படியே கெடக்கு, அதக் குடுப்போமா?" என்றாள். எல்லாரும் சிரித்துவிட்டார்கள். எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு ஒரே கம்பெனி, தீபாவளிக்கு வருஷா வருஷம் ஒரே ஹாட்பாக். போன வருஷம் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமல் பல வீடுகளிலிருந்து அதே ஹாட்பாக்தான் வண்ணக் காகிதம் சுற்றி டீச்சரிடம் போனது. எல்லா மூடியிலும் கம்பெனி பெயர். டீச்சர் ஒவ்வொன்றையும் பிரித்து, முதல் தடவை பார்ப்பதுபோல "ரொம்ப நல்லாருக்கு" என்றாள்.

மேரிதான் கடைசியில் விஷயத்துக்கு வந்தாள். டீச்சர் ஊரில் கிழங்கை அவித்து, தேங்காய் போட்டு மசித்து, மீன்கறியோடு சாப்பிடுவார்களாம். அதைப் பற்றி வகுப்பில் சொல்லும்போது டீச்சர் முகமே வேறு மாதிரி ஆகிவிட்டதாம். ஜெனிஸ் வீட்டில் வந்து சொல்லியிருக்கிறான். "அந்த மொகத்த நான் பாக்கணும் பாத்திமா" என்றாள்.

ஆசிரியர் தினத்தன்று மேரி லீவு போட்டாள். மரவள்ளிக் கிழங்கு வாங்கி வந்து நானும் அவளும் தோலுரித்தோம். நான் மீனைச் செதில் எடுத்துக் கொடுக்க, சுகப்பிரியா குழம்பு வைத்தாள். தன் ஊர்க் குழம்பும் டீச்சர் ஊர்க் குழம்பும் அக்கா தங்கச்சி மாதிரி என்று அவள் சொன்னாள். கமகமவென்று தெருவே மணத்தது. பிரிக்காமல் கிடந்த ஹாட்பாக் கடைசியில் அதற்கு உதவியது. பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் மூடியைத் திறந்து காட்டியதும் டீச்சர் ஆவியில் முகத்தைக் காட்டிக்கொண்டு அப்படியே நின்றாள். அவள் கண்கள் கலங்கின. "எங்க அம்மை வைக்கிற மாதிரியே மணக்குது" என்றாள். மேரி என் கையைப் பிடித்து நசுக்கிவிட்டாள். ஜெயித்துவிட்டோம் என்ற நினைப்பில் வீட்டுக்கு வந்தோம்.

சாயங்காலம் பாத்திரத்தை வாங்கி வரப் போன மேரி, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு என் கடைக்கு வந்தாள். ஹாட்பாக்கை மேசை மேல் டொக்கென்று வைத்தாள். திறந்து பார்த்தேன். கிழங்கு கல்லாக இறுகிப் போயிருந்தது. குழம்பின் மேல் எண்ணெய் படர்ந்து கிடந்தது. ஒரு விரல்கூடப் படவில்லை.

எனக்கு வந்ததே கோபம். மீன் செதிலை உரசி உரசி என் விரலெல்லாம் எரிந்துகொண்டிருந்தது. "ரொம்ப மரியாதைதான்" என்றேன்.

"வாய மூடு பாத்திமா" என்றாள் மேரி. அவள் அப்படி என்னிடம் பேசியதே இல்லை. "சாரு எங்கியோ ஆசிரியர் தின விழாவுக்குப் போய்ட்டாராம். சாப்பாட்டு மணி அடிச்சதும் ஒரு பையன் உளுந்து முட்டிய பேத்துகினான். அதுக்கு மருந்து போட்டுகினு இருக்கசொல்ல ரெண்டு பொண்ணுங்க தலமுடியப் புடிச்சிகினு சண்டை. அப்புறம் க்ளாஸ் ஆரம்பிச்சிடிச்சி. ஏன் டீச்சர் சாப்டலன்னு கேட்டேன். 'எல்லா நாளும் இப்படித்தான் ஜெனிஸ் அம்மா, நின்னுட்டே ரெண்டு வாய் போட்டுக்கிடுவேன், இத நின்னுட்டே சாப்பிட மனசு வரல, அதான் வச்சிட்டேன்'ன்னுது." ஹாட்பாக்கை அழுத்தி மூடிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "டேபிள் மேல தண்ணி பாட்டில் கீது. காலையில ரொப்பினது ரொப்பினபடி கீது பாத்திமா. குடிச்சா எழுந்து போவணும்ல, புள்ளைங்கள யாரு பாப்பாங்கன்னு குடிக்கறதே இல்லியாம்."

அவள் ஏன் அப்படி உடைந்துபோனாள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. லைனில் தண்ணீர் குடிக்காமல் நிற்கிற பெண்களைத் தேடிப் போய் நகர்த்துவதுதான் அவள் வேலை. தன் பிள்ளைக்காக நிற்கிற பெண்ணை அவள் பார்க்காமல் விட்டுவிட்டாள். நான் சொன்ன வார்த்தையை நினைத்து எனக்கும் முகம் சுருங்கிப் போயிற்று.

அடுத்த வாரம் மேரிக்கு இரண்டாம் ஷிஃப்ட். மத்தியானம் வரை வீட்டில் இருப்பாள். முதல் நாளே மறுபடியும் கிழங்கு அவித்தாள். துணைக்கு வா என்று என்னையும் இழுத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனாள். கண்ணப்பன் சார் அறையில் இருந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டுத் தயங்கினார்.

"வெளியாளுங்களப் பிள்ளைங்ககிட்ட விட்டா நாளைக்கு ஏதாவது கேள்வி வரும்மா."

"வெளியாளா சார்? அம்மாங்க வந்து சாப்பாட்டு நேரத்துல பாத்துக்கங்கன்னு பேரண்ட்ஸ் மீட்டிங்ல கூவினது நீங்கதான. நாங்க வந்தமா? வர்ல. இப்ப வந்துகீறோம்" என்றாள் மேரி. "உங்களுக்கும் சேத்துத்தான் கிழங்கு எடுத்தாந்துகீறேன்."

சார் ஹாட்பாக்கைப் பார்த்தார். "சாப்பாட்டு நேரம் மட்டும்தான்" என்றார்.

மேரி வராந்தாவில் போய் டீச்சர் முன்னால் நின்றாள். "போங்க டீச்சர். ரிலீவரு வந்துகீறேன்."

டீச்சருக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் அறை வரைக்கும் போனாள், வாசலிலிருந்து எட்டிப் பார்த்தாள். தட்டை எடுத்தாள், மறுபடியும் எட்டிப் பார்த்தாள். "ஜெனிஸ் அம்மா, அந்தக் கடைசிப் பையன் முட்டைய மேல எறிவான், பாத்துக்கிடுங்க" என்றாள். மேரி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு திட்டினாள். "டீச்சர், எங்க லைன்ல ஒரு சட்டம் கீது. ரிலீவரு வந்துட்டா திரும்பிப் பாக்கக் கூடாது. திரும்பிப் பாத்தா நான் வேல செய்யத் தெரியாதவன்னு அர்த்தம்."

டீச்சர் உள்ளே போய்விட்டாள். நான் வாசல் ஓரமாக நின்று பார்த்தேன். முதல் வாய் வைத்ததும், மேரி பார்க்க ஆசைப்பட்ட அந்த முகம் வந்தது. மேரியைக் கூப்பிடலாம் என்று திரும்பினேன். அவள் முட்டை எறிகிறவன் பக்கத்தில் நின்று அவனுக்கு முட்டை உரித்துக்கொண்டிருந்தாள். நிமிரக்கூட இல்லை.

அதற்குப் பிறகு அது நிற்கவில்லை. முதல் ஷிஃப்ட்காரிக்குப் பதில் இரண்டாம் ஷிஃப்ட்காரி என்று மேரி ஆள் மாற்றிவிட்டுக்கொண்டே இருந்தாள். என்னையும் விடவில்லை. நான் மெஷினை மூடிவிட்டுப் போன முதல் மத்தியானமே தொண்டை கட்டிவிட்டது. அங்கே படிக்கிற என் சின்ன மகளே என் பேச்சைக் கேட்கவில்லை. இந்தக் கூட்டத்தை நாள் முழுக்க ஒருத்தி மேய்க்கிறாள் என்றால் அவளுக்குச் சேலை எடுத்துக் கொடுத்தெல்லாம் ஈடுகட்ட முடியாது என்று எனக்குத் தோன்றியது. மத்தியானங்களில் டீச்சருடைய பாட்டில் காலியாகத் தொடங்கியது. இரண்டாம் ஷிஃப்ட் வருகிற வாரமெல்லாம் மேரி அதைத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் பஸ் ஏறுவாள்.

ஏப்ரல் கடைசியில் டீச்சரை வழியனுப்பினோம். சேலையும் எடுத்தோம். பிளவுஸ் நான்தான் தைத்தேன், கூலி வாங்காமல். பள்ளிக்கூட வராந்தாவில் பந்தி. அதே கிழங்கு, அதே மீன்குழம்பு. மேரி வழக்கம்போலக் கரண்டியும் கையுமாக ஓடினாள். பிள்ளைகளுக்கு வைத்தாள், அம்மாக்களுக்கு வைத்தாள், சாருக்கு இரண்டாம் தடவை வைத்தாள். போட்டோ எடுக்கக் கூப்பிட்டபோது, "நீங்க எடுத்துக்கங்க, கொழம்பு ஆறிடும்" என்றாள். அவளுக்கென்று யாரும் இலை போடவில்லை. எனக்கும் தோன்றவில்லை, சொல்லிக்கொள்ள வெட்கமாகத்தான் இருக்கிறது.

டீச்சர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவினாள். தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து பந்தி ஓரத்தில் போட்டாள். நேராக மேரியிடம் போய்க் கரண்டியைப் பிடித்தாள்.

"இன்னா டீச்சர், வுடுங்க. உங்களுக்குத்தான் விருந்தே."

"உக்காருங்கக்கா."

அதுவரை ஜெனிஸ் அம்மா என்றுதான் டீச்சர் அவளைக் கூப்பிடுவாள். மேரி கரண்டியை விட்டுவிட்டாள். நாற்காலியின் நுனியில் பட்டும் படாமலும் உட்கார்ந்தாள். டீச்சர் ஒரு தட்டை எடுத்து அவள் மடியில் வைத்துக் கிழங்கை அள்ளிப் போட்டாள். மேரியின் கண் மட்டும் பந்தி மேலேயே இருந்தது. யாருக்கு என்ன தீர்ந்துபோயிற்று என்று தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அக்கா," என்றாள் டீச்சர், கரண்டியை ஓங்கிக்கொண்டு. "ரிலீவரு வந்துட்டா திரும்பிப் பாக்கக் கூடாது."

மேரி வாய்விட்டுச் சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள். பிறகு நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து, கிழங்கைப் பிசைந்து சாப்பிட ஆரம்பித்தாள். அவள் சாப்பிட்டு முடிக்கும் வரை டீச்சர் கரண்டியை யாரிடமும் கொடுக்கவில்லை.