கடித்துப் பார்த்த நெல்

திருப்பூரில் என் பனியன் கம்பெனி விடுதிக்கு அரிசி வாங்கப் போனால், கடைக்காரர் சொல்வது எதையும் நான் நம்புவதில்லை. இன்று அவர் சொன்ன விலையில் சந்தேகம் இன்னும் வலுத்தது. குத்தூசியை மூட்டைக்குள் செருகி, வழிந்த அரிசியை என் உள்ளங்கையில் விட்டார்.

"நல்லாக் காஞ்ச அரிசிங்க."

ஒன்றைக் கடித்தேன். கடுக்கென்றது.

அந்தச் சத்தம் என்னைக் கணியூரில் இருந்த எங்கள் களத்துக்கே கொண்டுபோய்விட்டது. எனக்கு ஒன்பது வயது. வெயிலில் சூடேறிய சாக்குகளின் வாசனை. நெல் வாங்க வந்த வியாபாரியும் இப்படித்தான் மூட்டையைக் குத்தி, ஒரு நெல்லை வாயில் போட்டார். அப்பா அவர் தாடையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஈர நெல் பல்லில் நசுங்கும், காய்ந்தது உடையும்.

"ஈரமா இருக்குதுங்களே," என்றார் வியாபாரி. "வெலையக் கொறைச்சுக்கலாமுங்க."

"நாலு நாளு காயப்போட்ட நெல்லுங்க," என்ற அப்பா, ஒரு நெல்லை என்னிடம் நீட்டினார். "நீ கடிச்சுச் சொல்லு கண்ணு."

கடுக்கென்று உடைந்தது.

"ஈரமில்லீங்கப்பா."

வியாபாரி சிரித்துக்கொண்டே லாரியைத் திருப்பச் சொன்னார். மடத்துக்குளம் பக்கம் வானம் கறுத்திருந்தது. அத்தனை மூட்டையும் வெட்டவெளியில் கிடந்தது. அப்பா என்னைப் பார்க்காமல் சொன்னார்: "ஈரம்னே வெச்சுக்கோங்க."

சாகும்வரை அந்த வியாபாரியின் பேரைக் கேட்டாலே அப்பா காறித் துப்புவார்.

கடைக்காரர் என் தாடையையே பார்த்துக்கொண்டிருந்தார். உடைந்த அரிசி இன்னும் நாக்கில் இருந்தது.

"ஈரமா இருக்குதுங்களே," என்றேன்.