துண்டுக்குள் சொன்ன விலை

போடிமெட்டிலிருந்து இறங்கிய ஜீப்பில் டிரைவர், ஏலக்காய் வியாபாரி ஒருவர், என் மனைவி, நான்.

அவளுக்குக் கன்னத்துக்குள் புற்று. வெறும் புகையிலைப் புண் என்று ஒரு வருஷம் பத்துப் போட்டோம். வியாபாரிக்கும் அதே இடத்தில் தழும்பு, தாடை ஒரு பக்கம் குழிந்திருந்தது. அந்தத் தாடையால் முறுக்குக் கடித்தார். எனக்கு வயிறு எரிந்தது.

"இங்க யாரும் அறுக்க மாட்டாக ஆத்தா. எனக்கு மதராசுல எடுத்தாக," என்றார்.

"எம்புட்டு ஆச்சு மொதலாளி?" என்று கேட்டேன்.

வாய்விட்டுச் சொல்லவில்லை. ஏலக்காய்க்கு விலை பேசுவதுபோல் என் கையைத் தன் துண்டுக்குள் இழுத்து, ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்தார். ஐந்நூறா, ஐயாயிரமா என்று நான் கேட்கவில்லை. எனக்கு இரண்டும் ஒன்றுதான்.

"துண்டுக்குள்ள என்னத்தப் பேசுறீக?" என்றாள் அவள்.

"ஏலக்கா வெலை ஆத்தா."

"இவுகளுக்குப் பேரம் தெரியாது மொதலாளி. பாத்துப் போடுங்க," என்று சிரித்தாள்.

போடி வரும்வரை அவர் என் கையை விடவில்லை. ஏனென்று இன்றும் தெரியவில்லை.

தை மாதம் அதே ஜீப்பில் ஏறினேன். அவர் முறுக்குக் கடித்துக்கொண்டிருந்தார். டிரைவர், அவர், நான்.

மூன்று பேர்.