ஐம்பத்தேழு கிலோப் பிரிவில் மலர் அக்கா

எங்கள் பயிற்சி மண்டபத்துக்கென்று ஒரு வட்ஸ்அப் குழு இருக்கிறது. அதில் கடவுள் படமோ காலை வணக்கமோ போட முடியாது. பயிற்றுநர் நிமலன் சேர் உடனே ஏசுவார். விடியத் தராசில் ஏறி அவரவர் நிறையைப் போடலாம், அன்றைக்கு வர முடியாதென்றால் அதைச் சொல்லலாம், அவ்வளவுதான். ஆகையால் அந்தச் செவ்வாய்க்கிழமை சேர் "மலர் இல்லை" என்று போட்டபோது, பயிற்சிக்கு வரவில்லை என்றுதான் நான் அதை வாசித்தேன். "ஏன் சேர், காய்ச்சல் இன்னும் விடேல்லையோ?" என்று பதிலும் எழுதினேன். பிரதேச செயலகத்தில் என் கதிரையில் இருந்து தேநீர் குடித்துக்கொண்டே எழுதினேன். பிறகு சேர் அழைப்பெடுத்தார். அவர் "சுபா" என்று என் பெயரைச் சொன்ன விதத்திலேயே எனக்கு விளங்கிவிட்டது.

எலிக்காய்ச்சல். வயல் தண்ணீரில் நின்றதால் வந்தது. வழமையான காய்ச்சல் என்று மூன்று நாள் குளிசை விழுங்கிச் சமாளித்து, நான்காம் நாள்தான் வைத்தியசாலைக்குப் போயிருக்கிறார். நூற்றிருபது கிலோவை நிலத்திலிருந்து தூக்குகிற உடம்பை ஒரு காய்ச்சல் என்ன செய்துவிடும் என்று அவரும் நினைத்தார், நாங்களும் நினைத்தோம். எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. யார்மேல் ஆத்திரம் என்றுதான் தெரியவில்லை.

முப்பத்தோராம் நாளுக்கு அச்சடித்து வெளியிடும் நினைவுப் புத்தகமான கல்வெட்டில் ஏதாவது எழுதித் தரும்படி அவருடைய கணவர் குகன் அண்ணை கேட்டார். கல்வெட்டுகளில் இறந்தவர்கள் எல்லோரும் இன்முகம் கொண்டவர்களாகத்தான் இருப்பார்கள். மலர் அக்கா அப்படியில்லை. அவர் வேலை செய்த வட்டக்கச்சிப் பால் சேகரிப்பு நிலையத்துக்குத் தண்ணீர் கலந்த பாலைக் கொண்டுபோனவர்களுக்கு அது நன்றாகத் தெரியும். ஆகவே நான் அவருடைய குணநலன்களை அடுக்கப்போவதில்லை. எனக்காக அவர் சாப்பிட்ட பத்துக் கிழமைகளைப் பற்றி எழுதுகிறேன். அதில் அவருடைய மாமியாரைப் பற்றியும் வருகிறது. எழுதலாமா என்று மாமியிடம் கேட்டேன். "நடந்ததுதானே, எழுது" என்றார்.

மலர் அக்கா எங்கள் மண்டபத்துக்கு முதன்முதலில் வந்தது பால் கொடுக்கத்தான். கிளிநொச்சி நகரத்தில் பழைய நெற்களஞ்சியம் ஒன்றின் பின்பக்கந்தான் எங்கள் மண்டபம். அன்றைக்கு நான் எழுபது கிலோவை நிலத்திலிருந்து தூக்க முடியாமல் மூன்றாம் தடவையும் விட்டுவிட்டு மூச்சிரைத்துக்கொண்டு நின்றேன். பால் கானைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தவர், "கொஞ்சம் தள்ளு பாப்பம்" என்றார். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினார். தூக்கினார். தூக்கியபடியே சேரைப் பார்த்து, "இதை எங்கை வைக்கிறது?" என்று கேட்டார். அடுத்த நாளே சேர் அவருடைய பெயரைப் பதிந்துவிட்டார்.

அங்கிருந்துதான் சிக்கல் தொடங்கியது. அவரும் ஐம்பத்திரண்டு கிலோப் பிரிவு, நானும் அதே பிரிவு. மாகாண வலுதூக்கல் போட்டிக்கு ஒரு பிரிவுக்கு ஒருவரைத்தான் எங்கள் மண்டபம் அனுப்பலாம். நான்கு வருடமாக நான் பாரம் தூக்குகிறேன். ஒருநாளும் மாகாணத்துக்குப் போனதில்லை. அவர் ஏழு மாதத்தில் என்னைத் தாண்டிவிட்டார். சேர் எங்கள் இருவரையும் இருத்திவைத்து, "ரெண்டு பேரும் போக வேணுமெண்டால் ஒராள் நிறை கூட்டி அம்பத்தேழுக்குப் போக வேணும். பத்துக் கிழமை இருக்கு. ஆர் போறீங்கள்?" என்று கேட்டார்.

நான் நிலத்தைப் பார்த்தேன். அதை இங்கே மறைக்க விரும்பவில்லை. நியாயப்படி நான்தான் மேலே போயிருக்க வேண்டும். அவர் இருந்த இடத்தில் இருந்திருந்தால் முதலாம் இடம் நிச்சயம். ஆனால் அந்த நேரத்தில் எனக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். வைகாசியில் பெண் பார்க்க வருவதாக இருந்தது. ஐந்து கிலோ கூடிய முகத்தோடு அவர்கள் முன்னால் போய் நிற்க எனக்கு விருப்பமில்லை. மலர் அக்கா என்னை ஒருதரம் பார்த்தார். "நான் போறன் சேர். இவளுக்குக் கலியாணம் பேசுகினம். என்னை இனி ஆர் பாக்க வரப்போகினம்?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அந்தச் சம்பந்தம் பிறகு சாதகம் பொருந்தாமல் போய்விட்டது. அது வேறு கதை.

கூடச் சாப்பிடுவது சுகமான வேலை என்று நினைக்கிறவர்கள் அதைச் செய்து பார்த்ததில்லை. உடம்பு செலவழிப்பதை விடக் கூடுதலாக ஒவ்வொரு நாளும் சாப்பிட வேண்டும், அதோடு பாரமும் கூட்டிக்கொண்டே போக வேண்டும், அப்போதுதான் சாப்பிட்டது தசையாகும் என்று சேர் சொல்லிக்கொடுத்தார். மூன்று வேளை ஐந்து வேளையாயிற்று. காலையில் தேங்காய்ப்பூ நிறையப் போட்ட புட்டும் இரண்டு முட்டையும். பத்து மணிக்குக் கச்சான் கடலையும் கப்பல் வாழைப்பழமும். மத்தியானம் ஒரு சுண்டு அரிசிச் சோறு, பருப்பு, குளத்து மீன். பின்னேரம் நல்லெண்ணெய் மிதக்கிற உழுத்தங்களி. இரவுக்குப் பழையபடி சோறு. இரண்டாம் கிழமைக்குள்ளேயே பசி என்பது அவருக்கு மறந்துபோய்விட்டது. "பசிச்சுச் சாப்பிடுறது சாப்பாடு. பசிக்காமல் சாப்பிடுறது கூலி வேலை" என்பார். பயிற்சி முடிந்து நாங்கள் தண்ணீர் குடிக்கும்போது அவர் மட்டும் சாப்பாட்டுப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, சோற்றை உருண்டை உருண்டையாகப் பிடித்து, கண் கலங்கக் கலங்க விழுங்குவார். நான் பக்கத்தில் இருந்து மற்றக் கதைகள் கதைத்துக்கொண்டிருப்பேன். எனக்குத் தெரிந்த உதவி அவ்வளவுதான்.

மூன்றாம் கிழமை ஒருநாள் பால் நிலையத்துக்குப் பின்னால் போய், தின்றதெல்லாம் வெளியே வரச் சத்தி எடுத்திருக்கிறார். பால் கொண்டுவந்த ஒரு அயல்வீட்டுக்காரி அதைக் கண்டுவிட்டார். ஏற்கெனவே முகம் ஊதியிருந்தது, சட்டை இறுகியிருந்தது, எந்நேரமும் வாய் அசைந்துகொண்டிருந்தது. "என்ன மலர், ஏதும் விசேஷமோ?" என்று அவர் கேட்டபோது மலர் அக்காவின் வாய் நிறையக் கச்சான். பதில் சொல்ல முடியாமல் சிரித்திருக்கிறார். வன்னியில் ஒரு பெண் அந்தக் கேள்விக்கு வாய் திறக்காமல் சிரித்தால் அதற்கு ஒரு கருத்துத்தான் உண்டு. மலர் அக்கா சைக்கிளில் வீட்டுக்குப் போய்ச் சேரும் முன்பே செய்தி மாமியிடம் போய்ச் சேர்ந்துவிட்டது.

இதில் சிரிக்க ஒன்றுமில்லை என்பது அந்த வீட்டை அறிந்தவர்களுக்குத் தெரியும். மலர் அக்கா தர்மபுரத்துப் பிள்ளை. அவருடைய பெற்றோர் மலையகத் தோட்டத்திலிருந்து வந்து குடியேறியவர்கள். மாமியின் குடும்பம் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேற்றத் திட்டத்தில் காணி எடுத்தவர்கள். குகன் அண்ணை வீட்டை மீறி, விரும்பித்தான் கட்டினார். கலியாணமாகி ஒன்பது வருடம், பிள்ளையில்லை. அந்த ஒன்பது வருடமும் மாமி தேவைக்கு மட்டுந்தான் மருமகளோடு கதைத்தார். அன்றைக்கு மலர் அக்கா குசினிக்குள் போனபோது மாமி முட்டைக்கோப்பி அடித்து வைத்துக்கொண்டு காத்திருந்தாராம். "இரு பிள்ளை, இதைக் குடி" என்றாராம். மாமியின் வாயில் பிள்ளை என்ற சொல் தனக்கென்று வந்தது அதுதான் முதல்தடவை என்று மலர் அக்கா என்னிடம் சொன்னார். "நான் என்னடி செய்யிறது? குடிச்சிட்டன்."

மூன்று கிழமை அவர் குடித்தார். ஒவ்வொரு நாளும் முட்டைக்கோப்பி. மாமி தன் பங்கு மீனையும் எடுத்து அவருடைய சோற்றுக் கோப்பையில் வைப்பார். ஆம்பிளைகள் சாப்பிட முன்பே அவரைச் சாப்பிட வைப்பார். "உந்தப் பாரம் தூக்கிற விளையாட்டு இப்ப வேண்டாம்" என்றார். "விட்டிட்டன் மாமி" என்று சொல்லிவிட்டு, நகரத்தில் கூட்டம் என்று பொய் சொல்லிப் பயிற்சிக்கு வந்தார். தராசு ஐம்பத்தைந்தைத் தாண்டியது. சேருக்குச் சந்தோசம். மலர் அக்கா மட்டும் தராசிலிருந்து இறங்கி, "இது களவாய்த் திண்ட நிறை" என்றார்.

"சொல்லிவிடுங்கோ அக்கா" என்றேன்.

"சொன்னால் பழையபடி கதையாமல் விட்டிடுவா. முந்தி எனக்கு அது பழகியிருந்தது. இப்ப ஏலாது."

கடைசியில் அவரைச் சொல்ல வைத்தது ஒரு பால் கான். ஒருநாள் காலையில் அவர் கானைத் தூக்கப் போனபோது மாமி ஓடிவந்து கையைத் தட்டிவிட்டு, தானே தூக்கி இடுப்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார். அறுபத்தெட்டு வயது. எண்ணெய் போட்டு இடுப்பை உருவிக்கொண்டே மலர் அக்கா சொல்லிவிட்டார். "மாமி, எனக்கு ஒண்டும் இல்லை. போட்டிக்குத்தான் சாப்பிடுறன்."

மாமி திரும்பிப் பார்க்காமல் கேட்டாராம்: "அப்ப அண்டைக்குச் சத்தி எடுத்தது?"

"கூடச் சாப்பிட்டது மாமி."

இரண்டு நாள் அந்த வீட்டில் ஒரு சொல் இல்லை. அந்த இரண்டு நாளும் மலர் அக்காவால் ஒரு பிடி சோறு கூட விழுங்க முடியவில்லை. நிறை முக்கால் கிலோ குறைந்தது. போட்டியை விட்டுவிடுகிறேன் என்று சேரிடம் சொன்னார். அவர் அழுததை நான் கண்டது அன்றைக்குத்தான். மூன்றாம் நாள் காலை மாமி இடுப்பைப் பிடித்தபடி வந்து முட்டைக்கோப்பியை அவர் முன்னால் வைத்தார். "பேரப்பிள்ளைக்கெண்டு தந்தது முடிஞ்சுது. இது உனக்கு. ஆற முந்திக் குடி" என்றார். இதைச் சொல்லும்போது மலர் அக்கா என் தோளில் ஒரு அடி போட்டார். அவருடைய அடி எப்படியிருக்கும் என்று உங்களுக்குத் தெரியும்.

போட்டி வவுனியாவில் நடந்தது. மாமியும் எங்களோடு வந்தார். மலர் அக்காவின் நிறை ஐம்பத்தாறு தசம் எட்டு. தனக்குப் பழக்கமில்லாத பிரிவில், தன்னைவிடப் பருத்த பெண்களோடு நின்று, நான்காவதாக வந்தார். கடைசித் தடவை நூற்றிருபது கிலோவை அவர் நிலத்திலிருந்து எடுத்து நிமிர்ந்தபோது மாமி பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத பெண்ணிடம், "அது எங்கடை பிள்ளை" என்றார். எனக்கு ஐம்பத்திரண்டில் இரண்டாம் இடம். நான் தூக்கிய மொத்தத்தை மலர் அக்கா நான்கு மாதத்துக்கு முன்பே தூக்கியிருந்தார். பதக்கத்தை அவரிடம் காட்டினேன். "வடிவாயிருக்கு" என்று சொல்லித் திருப்பித் தந்தார். என்னால் நன்றி என்று ஒரு சொல் சொல்ல முடியவில்லை. பிறகு சொல்லலாம் என்றிருந்தேன். அதற்குப் பிறகு இரண்டு வருடம் ஒன்றாகவே பயிற்சி எடுத்தோம்; அவர் ஐம்பத்தேழிலேயே நின்றார், நான் என் பிரிவில் சௌகரியமாக இருந்தேன். சொல்லவேயில்லை.

எட்டாம் நாள் படையலான எட்டுச் செலவுக்குப் போயிருந்தேன். அவருக்கு விருப்பமானவை என்று மாமி படைத்திருந்தவற்றைப் பார்த்தேன். உண்மையில் மலர் அக்காவுக்கு மிகவும் விருப்பமானது வெறும் பாணும் சம்பலும். மாமிக்கு அது தெரியாது. போட்டிக்காகக் கண்ணீரோடு விழுங்கிய அத்தனையும் அந்த இலையில் இருந்தன.

படையல் முடிந்து பந்தியில் இருந்தபோது மாமிதான் எனக்குப் பரிமாறினார்.

"நீ இப்பவும் அந்தக் கீழ் நிறைதானோ?"

"ஓம் மாமி. அம்பத்திரண்டு."

"அப்ப அவள் நிண்ட இடத்திலை இனி ஆர்?"

"ஒருத்தரும் இல்லை மாமி."

வழமையாக நான் ஒரு அகப்பைச் சோற்றோடு இலைக்குக் குறுக்கே கையை நீட்டிவிடுவேன். அன்றைக்கு நீட்டவில்லை. மாமி இரண்டாம் அகப்பையைப் போட்டார், மூன்றாவதையும் போட்டார். நான் சாப்பிட்டேன். வீட்டுக்கு வந்ததும் சேருக்கு அழைப்பெடுத்து என் பெயரை ஐம்பத்தேழுக்கு மாற்றச் சொன்னேன்.

மலர் அக்காவிடமிருந்து என்னிடம் இருப்பது இதுதான்: அவர் எனக்காக ஏற்றிய ஐந்து கிலோ. அன்றைக்கு நான் நிலத்தைப் பார்த்து மறுத்த அதே ஐந்து கிலோ. அதை இப்போது என் உடம்பில் ஏற்றிக்கொண்டிருக்கிறேன். பசியில்லை. சாப்பிடுகிறேன்.