ஓடாத வண்டிக்குப் புது ஆயில்

மாதத்தின் முதல் ஞாயிறு, காலைப் பூசை முடிந்து வந்ததும் நோயல் வெள்ளைச் சட்டையைக் கழற்றி ஜன்னல் கம்பியில் மாட்டுவார். பழைய பனியனோடு வீட்டு நடையில் உட்கார்ந்து மோட்டார் சைக்கிளின் முன்சக்கரத்தைக் கழற்ற ஆரம்பிப்பார். இன்ஜினுக்கு அடியில் ஒரு மரக்கட்டை. வண்டி சாய்ந்துவிடாமல் ஹேண்டில்பாரிலிருந்து ஜன்னலுக்கு ஒரு கயிறு. சக்கரம் கையோடு வந்ததும் அதைத் தாங்கும் முன் ஃபோர்க்கின் இரண்டு குழாய்களையும் உருவி, கவிழ்த்து, உள்ளே இருக்கும் ஆயிலை ஓர் ஐஸ்கிரீம் டப்பாவில் வடிய விடுவார்.

ஊர் சுற்றிய வண்டியின் ஃபோர்க் ஆயில் கறுத்துப்போய் மீன் கழுவிய தண்ணீர்போல நாறும். நோயலின் டப்பாவில் வடிவது போன மாதம் ஊற்றியபடியே சிவப்பாக, சுத்தமாக இருக்கும். அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு ஓரமாக வைப்பார். புது ஆயில் ஊற்றுவார். ஆயில் கசியாமல் அடைக்கும் ரப்பர் சீல் நன்றாக இருந்தாலும் அதை நெம்பி எடுத்துவிட்டு, பிவிசி குழாய்த் துண்டை வைத்துத் தட்டித் தட்டிப் புது சீல் ஒன்றை இறக்குவார். இரண்டு வருடமாக அந்த வண்டி தெருமுனையைத் தாண்டியதில்லை.

விவேக் நகரில் அவர் வீட்டு மாடியில்தான் நான் குடியிருக்கிறேன். படி இறங்கினால் அவரைத் தாண்டித்தான் தெருவுக்குப் போக வேண்டும். நோயலுக்கு ஐம்பத்து நான்கு வயது. பொம்மசந்திராவில் அட்டைப்பெட்டி செய்யும் கம்பெனியில் ஸ்டோர்ஸைப் பார்த்துக்கொள்கிறார். கம்பெனி பஸ்ஸுக்கு நடந்து போகும்போது, வழியில் நிற்கிற வண்டிகளின் முன்பக்கத்தை அழுத்திவிட்டு அது எப்படி எழும்புகிறது என்று பார்க்காமல் அவரால் போக முடியாது. வண்டிக்காரன் முறைத்தால் கன்னடத்தில் “சீல் ஹோகிதே, குரு” என்று சொல்லிவிட்டு நடப்பார். தமிழ்க்காரனாக இருந்தால், “சீலு போயிடுச்சு பா. சும்மா விடாத.” ஒருமுறை ஒரு வாட்ச்மேன் அவரைத் திருடன் என்று நினைத்துக் கையைப் பிடித்துவிட்டார். நோயல் கையை உதறவில்லை. பிடிபட்டபடியே நின்று அந்த வண்டியின் நோயைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவர் மனைவி லீனா நர்சரி டீச்சராக இருந்தவர். கோயில் பாடகர் குழுவில் ஆரம்பித்த பழக்கம் கல்யாணத்தில் முடிந்தது. இன்றைக்கும் கணவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார். பிள்ளைகள் இல்லை. இரண்டு நாள் சேர்ந்தாற்போல லீவு கிடைத்தால் பையைக் கட்டிக்கொண்டு இருவரும் காட்டுப் பக்கம் கிளம்பிவிடுவார்களாம். ரோட்டைப் பார்ப்பது நோயலின் வேலை. காட்டைப் பார்ப்பது லீனாவின் வேலை. பண்டிப்பூர் சாலையில் யானைக்கூட்டம் கடந்து முடியும்வரை இன்ஜினை அணைத்துவிட்டு மூச்சுவிடாமல் நின்றதையும், பிளிகிரிரங்கன் மலையில் பாலத்துச் சுவர்மேல் ஒரு சிறுத்தை வீட்டுப் பூனைபோலப் பாதத்தை நக்கிக்கொண்டிருந்ததையும் லீனா என்னிடம் சொல்லியிருக்கிறார். சிறுத்தையைப் பார்த்த அன்றைக்கு அறைக்குப் போய்ச் சேரும்வரை இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லையாம்.

இரண்டு வருடத்துக்கு முன் மாதேஸ்வரன் மலைக்குக் கிளம்பியபோது, ஹனூரைத் தாண்டிய காட்டுச் சாலையில் அந்த விபத்து நடந்தது. சாயங்காலம் ஆகவில்லை, நல்ல வெளிச்சம். மூங்கில் புதரிலிருந்து ஒரு பெண் கடமான் ரோட்டுக்கு வந்து நின்றது. நோயல் முன் பிரேக்கைப் பிடித்தார். வண்டி நிற்கவில்லை. மானின் பின்தொடையில் மோதிச் சரிந்தது. மான் விழுந்து எழுந்து, ஒரு காலை இழுத்துக்கொண்டு புதருக்குள் போனது. லீனா எழுந்திருக்கவில்லை. அந்த வழியாக வந்த பஸ்ஸின் கடைசி சீட்டில் அவரைப் படுக்கவைத்துக் கொள்ளேகால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இடுப்பெலும்பு பல துண்டாகியிருந்தது. பிளேட் வைத்து ஒட்டினார்கள். இடது கால் குட்டையாகிவிட்டது. இப்போது வாக்கரைப் பிடித்து வீட்டுக்குள் நடக்கிறார். பள்ளிக்கூடம் போவது அத்தோடு நின்றது.

கேட்டவர்களிடமெல்லாம் நோயல் சொன்னது ஒன்றுதான்: “மான் குறுக்க வந்துடுச்சு.”

போன டிசம்பரில், வானம் மூடிக்கிடந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிரேசர் டவுனிலிருந்து டெரிக் வந்தார். இவர்களோடு பல ஊர் சுற்றிய பழைய நண்பர். வண்டியை எடுத்துக்கொண்டு போகச் சொல்லி அவரை வரவழைத்தவர் லீனா. “அது நடையில நிக்கிறவரைக்கும் நோயல் வீட்டுக்குள்ள வரமாட்டாரு” என்று என்னிடம் முன்பே சொல்லியிருந்தார். அன்று வண்டியைத் தெருவில் இறக்க ஒரு கை வேண்டும் என்று என்னையும் கூப்பிட்டார். தன்னிடம் இருந்தால் வண்டி ஓடிக்கொண்டாவது இருக்கும் என்று டெரிக் சொன்னதற்கு நோயல் சரி என்று தலையை ஆட்டினார். சாவியை எடுத்துக்கொண்டு வந்தார். ஆனால் டெரிக் நீட்டிய கையில் அதை வைக்கவில்லை.

“ஒரு விசயம் சொல்லிடறேன் டெரிக். அப்புறம் நீ எடுத்துட்டுப் போ” என்றார். “இந்த ஃபோர்க்க நம்பாத. அந்த ட்ரிப்புக்கு முன்னாடி சீலு நான்தான் மாத்துனேன். குழாய்ல துரு இருந்துச்சு, அது சீலக் கிழிச்சிடும்னு தெரிஞ்சும் பரவாயில்லன்னு போட்டுட்டேன். ஹனூர்ல டீ குடிக்க நிறுத்தினப்போ ஆயிலு ஒழுகி பிரேக்குல எறங்கியிருந்துச்சு. துணியால தொடச்சிட்டு ஓட்டுனேன். மான் மேல பழியப் போட்டேன்.”

ஜன்னலுக்கு உள்ளே லீனா முறத்தில் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தார். அவர் காதில் விழாமல் அந்த நடையில் எதையும் பேச முடியாது. நோயலுக்கு அது தெரியும். டெரிக் என்னைப் பார்த்தார். நான் கயிற்றைப் பார்த்தேன்.

“தெரியும் நோயல்” என்றார் லீனா. “நீ தொடச்சத நானும் பாத்தேன்.”

நோயல் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை.

“சொன்னா நீ வண்டியத் திருப்பிடுவ. எத்தன மாசம் கழிச்சு கெளம்பியிருந்தோம். அதான் சொல்லல.”

அந்த வார்த்தை நோயலை லேசாக்கும் என்று நான் நினைத்தேன். அவர் முகம் அப்படி மாறவில்லை. “ரெண்டு வருசமா தெரிஞ்சும் என்ன தனியா விட்டுட்டியே லீனா” என்றார்.

“நீயா சொல்லுவன்னு இருந்தேன்” என்றார் லீனா. மறுபடியும் காயை உரிக்க ஆரம்பித்தார்.

டெரிக் ஹெல்மெட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். இதுவரை வரவில்லை.

அதன்பின் பல நாள் கீழ்வீட்டில் பேச்சுச் சத்தம் கேட்கவில்லை. குக்கர் விசில் கேட்டது, வாக்கரின் ரப்பர் கால்கள் தரையில் தேயும் சத்தம் கேட்டது. நோயல் விடிவதற்குள் கம்பெனி பஸ்ஸுக்குப் போய்விடுவார். கிறிஸ்துமஸுக்கு நட்சத்திரம் கட்டினார்கள், எனக்கும் கேக் வந்தது. கொண்டுவந்த நோயல் தட்டை வைத்துவிட்டு நிற்காமல் இறங்கிவிட்டார். நான் படியிறங்கிப் போகும்போது ஜன்னலுக்கு உள்ளே இருந்து லீனா சொன்னார்: “கோவம் இல்ல. கோவமா இருந்தா சண்டையாவது போடுவோம்.”

ஜனவரியின் முதல் ஞாயிறு நான் இறங்கி வந்தபோது நோயல் நடையில் வண்டியின் எதிரே சும்மா உட்கார்ந்திருந்தார். சட்டையைக் கழற்றவில்லை. ஃபோர்க்கைத் தொடவில்லை. லீனா வாக்கரோடு வாசல்படிவரை வந்து நின்று, தன்னை வண்டியில் உட்காரவைக்கச் சொன்னார். எங்கேயும் போவதற்கில்லை, சும்மா உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்றார். நோயல் முடியாது என்றார். இடுப்பு வலிக்கும் என்றார். லீனா வாசலைவிட்டு நகரவில்லை.

கடைசியில் நான் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டேன். நோயல் அவரைக் குழந்தையைத் தூக்குவதுபோல இரண்டு கைகளாலும் தூக்கிப் பின்சீட்டில் வைத்தார். ஸ்டாண்டை எடுத்துவிட்டார். லீனா ஒரு கையால் என் தோளைப் பிடித்தபடி, மூடியிருந்த தெருக்கதவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பின்சக்கரத்து ஸ்பிரிங்கைப் பின்னால் உட்காருகிறவரின் எடைக்கேற்ப இறுக்கவோ தளர்த்தவோ வேண்டும். ஆள் ஏறினால் அது அளவாகக் கீழே இறங்க வேண்டும். கடைசியாக அதை இறுக்கியது அந்த ட்ரிப்புக்கு முன், அன்றைய லீனாவின் எடைக்கு. நோயல் பழக்கதோஷத்தில் குனிந்து அதைப் பார்த்தார். லீனா ஏறியிருந்தும் ஸ்பிரிங் கொஞ்சம்கூட அமுங்கவில்லை, யாருமே உட்காராததுபோல நின்றது. அவர் குனிந்தபடியே இருந்தார்.

“என்ன ஆச்சு?” என்றார் லீனா.

“ஒண்ணுமில்ல.”

தரையில் ஒரு முழங்காலை ஊன்றி, ஸ்பேனரை எடுத்து ஸ்பிரிங்கை ஒரு படி தளர்த்தினார். நிமிர்ந்து லீனாவின் முகத்தைப் பார்க்காமல், இன்னொரு படி தளர்த்தினார்.