சுற்றிக்கொண்டே இருக்கும் வட்டத்தோடு என் சண்டை

இணையத்தளம் கட்டிக் கொடுக்கப் பலர் இருக்கிறார்கள். அது திறக்கும்வரை திரையில் சுற்றும் வட்டத்தைப் பார்த்துப் பொறுமையிழக்கும் உங்களுக்காகச் சண்டை பிடிப்பதுதான் என் தொழில். கல்முனையில் வீட்டு முன்னறையில் இருந்துகொண்டு மெதுவான தளங்களை வேகமாக்குகிறேன். நீங்களும் அந்த வட்டத்திடம் அடிபட்டவர்கள்தானே, கேளுங்கள்.

பாதிப் புடவை

பெருநாள் நெருங்கும்போது ஒரு புடவைக்கடை ஹாஜியார் கூப்பிட்டார். தளத்துக்கு வருகிறவர்கள் ஒரு புடவையையும் பார்க்காமலே போய்விடுகிறார்களாம். கல்யாணக் கமெராக்காரர் எடுத்த படங்களை அப்படியே ஏற்றியிருந்தார்கள். ஒவ்வொன்றும் ஒரு சுவரை மூடும். சிறிதாக்கலாம் என்றேன். சரிகை மங்கிவிடும் என்று மறுத்தார். கடை வைஃபையில் அவருக்கு எல்லாம் பளிச்சென்று திறந்தது.

நான் விடவில்லை. வைஃபையை நிறுத்திவிட்டுத் திறக்கச் சொன்னேன். அவர் வாசலில் போனும் கையுமாக நின்றபோது ஒரு பெண் உள்ளே வந்து, புடவையை விரித்துப் பார்த்து, விலை பேசி, வாங்கிக்கொண்டும் போய்விட்டார். திரையில் பாதிப் புடவைதான் இறங்கியிருந்தது. ஹாஜியார் போனை என்னிடம் நீட்டினார்: "சின்னதாக்குங்க மகள். முந்தானை வந்து சேர முந்தியே பெருநாள் முடிஞ்சிரும்."

பேசாத பொத்தான்

அக்கரைப்பற்றில் ஒரு தனியார் வைத்திய நிலையம். டொக்டரைப் பார்க்கத் தளத்தில் நம்பர் எடுக்கும் பொத்தானை அழுத்தினால் உள்ளே பதிவாகும், வெளியே ஒரு அசைவும் தெரியாது. அங்கே மருந்தெடுக்கும் அக்கா ஒருவர், மர்ழியா ராத்தா, அழுத்தினார், காத்திருந்தார், திரும்பத் திரும்ப அழுத்தினார். அன்றைய நம்பர்களில் பாதி அவர் பெயரில். காய்ச்சல் பிள்ளையோடு வந்த ஒரு தாய் நம்பர் இல்லாமல் திரும்பினார். முகாமையாளர் ராத்தாவைத்தான் குறை சொன்னார்.

நான் ராத்தாவைப் பக்கத்தில் இருத்தி அழுத்திக் காட்டச் சொன்னேன். சர்வரைச் சீராக்கச் சில நாள் பிடிக்கும். அதற்கு முன்பே, தொட்டவுடன் பொத்தான் நிறம் மாறி, மறுபடி அழுத்த விடாமல், "பதிகிறோம், பொறுங்கள்" என்று காட்டும்படி செய்தேன். ராத்தா முகாமையாளரிடம் திரும்பிச் சொன்னார்: "முதலே இப்படி ஒரு சொல் சொல்லியிருந்தா நான் ஏன் தம்பி திரும்ப அழுத்தப் போறன்?"

கோமாரிக் காற்று

சிவலிங்கம் அண்ணன் கோமாரி என்ற கரையோர ஊரின் மீனவர். கடலுக்கு இறங்குமுன் மீனவர் சங்கத்தின் தளத்தில் காற்று நிலவரம் பார்ப்பார். கரையில் சிக்னல் மிகக் குறைவு. ஒரு விடியலில் பக்கம் வெள்ளையாகவே நிற்க, பார்க்காமலே தம்பியோடு போட்டில் போனார். காற்று மாறி, வலையை அறுத்து விட்டுவிட்டு, இருவரும் உயிரோடு கரை சேர்ந்ததே பெரிது. காற்று எச்சரிக்கை தளத்தில் இருந்தது. தலைவரின் பெரிய படத்துக்கும் ஓடும் வாழ்த்துகளுக்கும் பின்னால்.

காற்று நிலவரம் வெறும் எழுத்தாக முதலில் வரவேண்டும், படம் கீழே போகவேண்டும் என்றேன். தலைவரைக் கீழே இறக்குவதா என்று செயலாளர் தயங்கினார். நான் அவரைக் கரைக்கே கூட்டிப்போய், அண்ணன் நிற்கும் இடத்தில் நின்று திறந்து பார்க்க வைத்தேன். வெள்ளைத் திரையை அவரும் பார்த்தார். அன்றைக்கே சம்மதம் கிடைத்தது.

மாற்றிய பிறகு அண்ணன் அழைத்தார். வேலை சரியா என்று கேட்டேன். "ஓம் தங்கச்சி, இப்ப காத்து முதல்ல வருது. தலைவர் பின்னால ஆறுதலா வாறார்."

வேகமாகிவிட்ட தளத்தில் என் வேலை எதுவும் கண்ணில் படாது என்பதால், அப்படி என்னதான் செய்தாய் என்று கேட்பவருக்குக் காட்ட என்னிடம் ஒன்றுமில்லை, ஆனால் தொழிலை விடும் எண்ணமும் இல்லை.