இறுக்கிக் கட்டிய முதுகு

என் பக்கத்து வீட்டு வேதகிரிக்கு உத்திரமேரூர் நெல் மண்டியில் மூட்டை தூக்கும் வேலை. ஐம்பதைத் தாண்டியதும் முதுகு வளைந்து கழுத்து முன்னால் நீண்டுவிட்டது, இடுப்பிலிருந்து கால் வரை வலி வேறு. மேஸ்திரி ஜெகனுக்கு வாய் சும்மா இருக்காது.

"இன்னா நைனா, தரையில எதுனா தேடிக்கினு கீறியா? அடுத்த போகத்துக்கு நிமிந்து வா. இல்லன்னா வூட்லயே குந்திக்கோ."

அன்றே வேதகிரி காஞ்சிபுரம் போய் முதுகு பெல்ட் வாங்கி வந்தார். மூட்டை தூக்கும்போது மட்டும் போடு, ரொம்ப இறுக்காதே என்று கடைக்காரர் சொல்லித்தான் கொடுத்தார். கேட்டால்தானே? மண்டியில் ஒரே சட்டம்: சாக்கின் வாய் தளர்ந்தால் நெல் சிந்தும், இறுக்கிக் கட்டினால் மூட்டை நிற்கும். தன் முதுகையும் மூட்டையென்றே நினைத்துவிட்டார் மனுஷன். வயிற்றை எக்கி பெல்ட்டை இழுத்து ஒட்டினார். தூங்கும்போதும் கழற்றவில்லை. நெஞ்சைத் துருத்திக்கொண்டு, முழங்காலை விறைத்துக்கொண்டு நடந்தார்.

"போலீஸ் வேலைக்கா போற?" என்று அவர் மனைவி பவளம் சிரித்தாள்.

கொஞ்ச நாளில் வலி நின்றது. "பாத்தியாடி, வலி செத்துப்போச்சு" என்று மற்றவர்கள் மூட்டையையும் சேர்த்துத் தூக்க ஆரம்பித்தார். ஜெகன் தோளில் தட்டிக் கொடுத்தானாம்.

சித்திரையில் ஒரு மத்தியானம் ஒற்றைச் செருப்போடு வீட்டுக்கு வந்தார்.

"இன்னாய்யா, இன்னொரு செருப்பு எங்க?" என்று கேட்டாள் பவளம்.

அவர் அப்போதுதான் குனிந்து பார்த்தார். தார் ரோட்டில் நடந்து இடது உள்ளங்கால் கொப்புளித்திருந்தது. பட்டால்தான் புத்தி வரும் என்பார்கள். இந்த ஆளுக்குப் பட்டதே தெரியவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் திட்டிக்கொண்டேதான் வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன்.

"வலி போகலைங்க, நரம்பு நசுங்கி மரத்துப்போயிருக்கு" என்றார் டாக்டர். "பெல்ட்டே தாங்கிட்டிருந்தா முதுகு தன் வேலையை மறந்துடும். விறைச்சு நின்னா நிமிர்ந்ததா ஆகாது. கொஞ்சம் கொஞ்சமாத்தான் சரியாகும். கால்ல உணர்ச்சி வர்ற வரைக்கும் மூட்டை தொடாதீங்க. வலிச்சா நல்லதுன்னு வெச்சுக்கங்க."

இப்போது பெல்ட் ஆணியில் தொங்குகிறது. வேதகிரி யாரோடும் அதிகம் பேசுவதில்லை. போட்டதைச் சாப்பிடுகிறார். டிவி ஓடினால் பார்க்கிறார், நிறுத்தினாலும் அங்கேயேதான் பார்க்கிறார். தினமும் சாயங்காலம் பவளம் அவர் காலை மடியில் வைத்து எண்ணெய் தேய்த்து, கட்டைவிரலைக் கிள்ளிக் கேட்பாள்.

"தெரியுதா?"

"இல்ல."

நேற்று நான் போயிருந்தேன். ஏரிப் பக்கம் சொர்ணவாரிப் போகத்து நெல் அறுப்பு தொடங்கிவிட்டது. மண்டிக்குப் போகும் டிராக்டர்களின் சத்தம் வீட்டுக்குள் கேட்டது. அவர் கால் பவளத்தின் மடியில், முகம் டிவி பக்கம் இருந்தது.

"ஆ... வலிக்குதுடி. நாளைக்கு மண்டிக்குப் போறேன்."

பவளம் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அவள் இன்னும் விரலைக் கிள்ளவே இல்லை, கை எண்ணெய்க் கிண்ணத்தில்தான் இருந்தது.