தபீதாள் டீச்சரின் மொசைக் தரை

சித்தூர் மிட்டூரில் தபீதாள் டீச்சரைப் பெயர் சொல்லிக் கேட்டால் நாலு பேர் யோசிப்பார்கள். "ஜன்னலுக்கு லுங்கி கட்டின டீச்சர்" என்று கேளுங்கள், வீட்டு வாசல்வரை கொண்டுவந்து விட்டுவிட்டுப் போவார்கள்.

அவர் மிஷன் பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர். நெசவுக்குப் பேர்போன நகரிக்குப் போனால் எல்லாரும் புடவை பார்ப்பார்கள், அவர் பெரிய கட்டம் போட்ட லுங்கித் துணியாகப் பார்த்து எடுத்துவந்து திரை தைப்பார். மற்ற கிறிஸ்தவ வீடுகளில் வசன அட்டை, காலண்டர், கல்யாண போட்டோ, காலமானவர்கள் போட்டோ என்று சுவரில் இன்னொரு ஆணிக்கு இடம் இருக்காது. டீச்சர் வீட்டிலோ ஒரு சுவர் முழுக்க மாம்பழ மஞ்சள், மற்ற மூன்றும் வெள்ளை. மஞ்சள் சுவரில் ஒரே ஒரு வசன அட்டை, அதுவும் நடுவில் இல்லை, ஓரமாக.

"ஏம்மா, ஆணி நவுந்து போச்சா?" என்று சபைச் செயலாளர் கிருபானந்தம் வரும்போதெல்லாம் கேட்பார்.

"இல்லண்ணே. அதுக்கு அங்கதான் காத்து வருது" என்பார் டீச்சர். கேலிக்கெல்லாம் அசருகிற ஆள் இல்லை அவர்.

ஒருமுறை பிள்ளைகளை மெட்ராஸுக்குச் சுற்றுலா அழைத்துப் போனபோது ஓவியக் கண்காட்சி ஒன்றில் நுழைந்தார்கள். இரண்டு கோடு, ஒரு வட்டம், அவ்வளவுதான் படம். அதன் முன்னால் நின்றவர் நின்றவர்தான். வெளியே பஸ்காரன் ஹாரன் அடித்து ஓய்ந்தே போனான். "அதுல என்னா டீச்சர் இருக்குது?" என்று ஒரு பெண் கேட்டாள். "ஒண்ணுமில்ல. அதான் எவ்ளோ நல்லா இருக்குது பாரு" என்றார் டீச்சர். பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சிரிக்கட்டுமே, அவருக்கென்ன!

கல்யாணம் ஆகாததைப் பற்றி ஊர் பட்ட கவலையில் கால்வாசிகூட அவர் படவில்லை. அவருக்கு இருந்த கவலை ஒன்றே ஒன்றுதான், வாடகை வீடு. ஒவ்வொரு முறை வீடு மாறும்போதும் தன் மஞ்சள் சுவருக்குத் தானே சுண்ணாம்பு அடித்துவிட்டு வரவேண்டும். அது அவருக்கு வயிற்றெரிச்சல். ஆகவே, 1971இல், நாற்பத்தேழாம் வயதில், சொந்தமாக ஒரு கூடம், ஓர் அறை, ஒரு சமையல்கட்டு என்று கட்டியபோது, கூடத்துத் தரையை மட்டும் யார் பேச்சையும் கேட்காமல் தானே வரைந்தார். இருபது வருஷமாக மனசுக்குள் போட்டு வைத்திருந்த தரை அது.

வெள்ளை மொசைக். ஒரு மூலையில் பெரிய சிவப்பு வட்டம். வாசலிலிருந்து இரண்டடி தள்ளித் தொடங்கி நேராக உள்ளே ஓடும் ஒரு கறுப்புப் பட்டை. இடது பக்கத்திலிருந்து இன்னொரு கறுப்புப் பட்டை வந்து அதில் முட்டி நின்றுவிடும்.

"வட்டம் சரி டீச்சரம்மா. இந்தப் பட்டை ஏன் பாதில நின்னுபோச்சு?" என்று மொசைக் மேஸ்திரி கங்கையா கேட்டார்.

"அங்கதான் நிக்கணும். அதான் அழகு."

கங்கையா தலையை ஆட்டினார். தலையை ஆட்டுவது வேறு, புரிந்துகொள்வது வேறு என்பது டீச்சருக்கா தெரியாது? தினமும் வகுப்பில் பார்ப்பதுதானே! ஆனால் அன்றைக்குப் பார்த்துத் திருப்பதியில் பரீட்சைக் கண்காணிப்பு வேலை வந்துவிட்டது. பன்னிரண்டு நாள் போய்விட்டார்.

மொசைக் தரை போட்டவுடன் ஒன்றும் தெரியாது. கல் துண்டும் சிமெண்டும் கலந்து பரப்பி, தண்ணீர் கட்டி இறுக விட்டு, பிறகு மிஷின் வைத்துத் தேய்த்தால்தான் நிறம் எழும்பி வரும். டீச்சர் திரும்பி வந்தது தேய்த்து முடிக்கிற அன்றைக்கு. கங்கையா நாலு வாளித் தண்ணீரை ஊற்றிக் கூட்டித் தள்ளினார்.

"சூடண்டி டீச்சரம்மா, பாருங்க!"

பார்த்தார். இரண்டாவது பட்டை முட்டி நிற்கவில்லை. குறுக்கே தாண்டி அந்தப் பக்கமும் போயிருந்தது. கூடம் நிறைய ஒரு சிலுவை.

"நீங்க வாய்விட்டுக் கேக்கல. உங்க சாமிக்கு என்னா வேணும்னு எனக்குத் தெரியாதா? அந்தப் பாதியை நானே முழுசா ஆக்கிட்டேன். அதுக்குக் கூலி வேணாம், என்னோடதுன்னு வெச்சிக்கோங்க" என்றார் கங்கையா. மனிதர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

திட்ட வாய் வருமா? டீச்சர் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். மிதிக்கவும் முடியாது, ரசிக்கவும் முடியாது. சமாசாரத்தை அவர் சொல்லச் சொல்ல, கங்கையாவின் முகம் சுண்டிப்போனது. "ஐயையோ, மிதிக்கக் கூடாதுன்னு எனக்குத் தோணலியே டீச்சரம்மா" என்று தலையில் கைவைத்துக்கொண்டார். சிலுவையில் அவர் நீட்டிவிட்ட அந்த ஒரு கையை மட்டும் உளியால் எடுக்கலாம்தான். ஆனால் ஒட்டுப் போட்ட இடம் நிறம் சேராது, ஆயுசுக்கும் தழும்பாகவே நிற்கும்.

புதுவீட்டு ஜெபம் நாளை மறுநாள். செய்தி கேட்டுக் கிருபானந்தம் ஓடிவந்தார். வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு, சிலுவையை மிதித்துவிடாமல் ஒற்றைக் காலில் நின்றார்.

"ஏசப்பா! சிலுவையைக் கொண்டுபோயி தரையில போட்டு வெச்சிருக்கியேம்மா! சபையே வந்து மிதிக்கணுமா? ஜமுக்காளத்தை விரிச்சு மூடு மொதல்ல."

"மூடிட்டா அடியில அது இல்லன்னு ஆயிடுமாண்ணே?"

கிருபானந்தம் காலை மாற்றிக்கொண்டு நின்றார். கடைசியில் இப்படி முடிவாயிற்று: சிலுவையைத் தொடாமல் ஓரமாக உட்கார்ந்து ஜெபத்தை முடிப்பது, முடிந்த கையோடு கங்கையா மொத்தத் தரையையும் உடைத்து, வெறும் சிமெண்டு பூசிவிடுவது. டீச்சர் சரி என்றார். எல்லாரும் போனபிறகு சிவப்பு வட்டத்தின்மேல் உட்கார்ந்து, முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டு நன்றாக அழுதார்.

சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு ஆட்கள் வந்தார்கள். சபையில் வீட்டு ஜெபம் என்றால் ஒரு வழக்கம் உண்டு. முன்னால் போதகருக்கு நாற்காலி, அவரெதிரே பெரிய வீட்டு ஆண்கள், அப்புறம் பெண்கள், அப்புறம் மற்றவர்கள். அன்றைக்கு அந்தப் பாச்சா பலிக்கவில்லை. பாய் விரிக்க நடுவில் இடமே இல்லையே! முதலில் வந்தவர் ஆஸ்பத்திரியில் கூட்டிப் பெருக்கும் மணியம்மா. சுவரை ஒட்டி உட்கார்ந்தார். அடுத்து வந்தவர் "நவுருங்க" என்றார், அதற்கடுத்து வந்தவரும் "நவுருங்க" என்றார். நகர்ந்து நகர்ந்து மணியம்மா வாசலுக்கு நேர் எதிர்ச் சுவருக்கே போய்விட்டார். போதகர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஒரு சுற்றுப் பார்த்தார். எந்தப் பக்கம் முன்பக்கம் என்று அவருக்கே விளங்கவில்லை. நாற்காலியை வெளியே வைத்துவிட்டு வந்து மணியம்மா பக்கத்தில் சம்மணம் போட்டார். கூடத்தைச் சுற்றி வளையமாக முப்பது பேர், நடுவில் ஒருவருமில்லை.

கீர்த்தனை தொடங்கியது. எல்லார் வாயும் எல்லாருக்கும் தெரிகிறது. முப்பது வருஷம் செயலாளராக இருக்கிற கிருபானந்தத்துக்கு இரண்டாவது சரணம் தெரியாது, வாயை மட்டும் அசைக்கிறார் என்பது அன்றைக்குத்தான் வெட்டவெளிச்சமாயிற்று. எதிரே இருந்த அவர் மனைவிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அது ஒவ்வொருவராகத் தொற்றி, போதகர்வரை போய்விட்டது. அப்படிச் சிரித்த வாயோடு அவர்கள் பாடிய பாட்டு தெருமுனைவரை கேட்டதாம்.

ஜெபம் முடிந்தது. காராபூந்தி, டீ ஆயிற்று. கிருபானந்தம் வாசலில் காத்திருந்த கங்கையாவைக் கூப்பிட்டார். "உள்ள வாப்பா, ஆரம்பிச்சிடு."

கங்கையா உளியோடு உள்ளே வந்தார். டீச்சர் அந்தப் பக்கம் பார்க்காமல் காலி டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். கூடவே பொறுக்கிய மணியம்மா மெல்லச் சொன்னார்:

"முப்பது வருசமா வீட்டு ஜெபத்துக்கு வந்துக்கினுதான் இருக்கேன் டீச்சர். எப்பவும் வாசப்பக்கம், செருப்புங்க கிட்ட ஒக்காருவேன். முன்னாடி இருக்கிறவங்க முதுவுதான் தெரியும். இன்னிக்குத்தான் எல்லார் மூஞ்சியும் பாத்தேன்."

டீச்சர் கையிலிருந்த டம்ளர்களைக் கீழே வைத்தார். எந்தச் சுவருக்கு எந்த நிறம், எந்த அட்டை எங்கே இருந்தால் மூச்சு விடும் என்று இத்தனை வருஷம் பார்த்த கண்ணுக்கு, செருப்புப் பக்கத்தில் ஒரு மனுஷி உட்கார்ந்திருந்தது தெரியவே இல்லை. அவருக்கு வெட்கமாக இருந்தது, பிடுங்கித் தின்கிற வெட்கம்.

"கங்கையா, உளியைப் பையில போடுங்க."

"என்னாம்மா இது!" என்றார் கிருபானந்தம். "நடுவீட்டுல சிலுவையை வெச்சுக்கினு எப்படிப் பொழங்குவே?"

"சுத்திக்கினு போறேண்ணே. நான் வரைஞ்சத விட கங்கையா போட்டதுதான் நல்லா இருக்குது. அடுத்த மாச ஜெபமும் இங்கயே நடக்கட்டும்." டீச்சர் மணியம்மாவின் பக்கம் திரும்பினார். "நீங்க அந்த எதிர்ச் சுவத்துலயே ஒக்காருங்க. நான் உங்க பக்கத்துல வரேன்."

"நேரத்தோட வந்துடறேன் டீச்சர்" என்றார் மணியம்மா. இரண்டு பேரும் சிலுவையைச் சுற்றிக்கொண்டு போய் மீதி டம்ளர்களைப் பொறுக்கினார்கள்.